தீர்த்தமலை: மலையும் அதன் நீரும்



மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றையும் எண்ணி ஒரு திருக்கோயிலைப் போற்றுவது நம் முன்னோர் மரபு. பெரும்பாலான ஊர்களில் மூர்த்தியின் பெயரால் தலம் விளங்கும். அன்றேல் தலத்தின் பெயரால் மூர்த்தி விளங்குவார். தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்துத் தீர்த்தமலையிலோ, மூன்றாவதாக எண்ணப்படும் தீர்த்தமே முந்தி நின்று மலைக்குப் பெயராயிற்று. மலையின் வழியே இறைவனுக்கும் பெயராயிற்று. அங்கு எழுந்தருளியுள்ள பெருமான் திருப்பெயர் தீர்த்தகிரீசுவரர். அம்பிகை வடிவாம்பிகை. அருணகிரிநாதர் இத்தலத்து முருகப் பெருமான்மீது திருப்புகழ் பாடியுள்ளார்.

நீரின் இயல்பு பள்ளத்தை நாடுதல். மேட்டில் நில்லாது என்பதைச் சிறுவரும் அறிவர். அவ்வாறிருக்க, அடிவாரத்து ஊர்களில் கிணறுகள் கோடையில் வறண்டு கிடக்கும் நாளிலும், மலையின் நடுவே செங்குத்தான பாறையிலிருந்து நீர் விழுவது எங்ஙனம்? 'இறைவன் திருவருள்' என்பது விடை. அதில் ஐயமில்லை. ஆயினும் அத்திருவருள் எந்தக் கல்லின் வழியாக, எந்த மரத்தின் வேர் வழியாக வந்து நம் தலையில் விழுகின்றது என்று அறிய முயல்வதும் வழிபாட்டின் ஒரு பகுதியே என்பது அடியேன் கருத்து.

மலை நிற்கும் இடம்

அரூர் நகரிலிருந்து வடகிழக்கில் ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் இம்மலை நிற்கின்றது. அரூர் வழியாக வரும் அன்பர்கள், பேருந்திலிருந்தே இதன் முடியைக் காணலாம். சுற்றிலும் புன்செய் நிலம், இடையிடையே கரடுகள், அவற்றுக்கெல்லாம் மேலாக இது ஒன்று மட்டும் நிமிர்ந்து தோன்றும்.

தனித்து நிற்பது போலத் தோன்றினும் இது உறவற்ற மலை அன்று. தெற்கே சித்தேரி மலை. அதற்குத் தென்கிழக்கே கல்வராயன் மலை. தென்மேற்கே சேர்வராயன் மலை. வடகிழக்கே சவ்வாது மலை. இவையனைத்தும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதிகள். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு மதில் போல இடைவெளி குறைந்து நீண்டு செல்வது. கிழக்குத் தொடர்ச்சியோ, ஆறுகளால் அறுக்கப்பட்டுத் துண்டு துண்டாக நிற்பது. அத்துண்டுகளுக்கு நடுவே உள்ள வெளியில்தான் நம் ஊர்கள் இருக்கின்றன, சாலைகள் செல்கின்றன. தீர்த்தமலை அத்தகைய துண்டுகளுள் சிறியது.

மலைக்கு வடக்கே தென்பெண்ணை ஆறு ஓடுகின்றது. கருநாடக மாநிலத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஓசூர், கிருட்டிணகிரி வழியாக வந்து, அனுமன் தீர்த்தம் என்னும் ஊரைக் கடந்து, கிழக்கே சாத்தனூர் அணையை அடைந்து, முடிவில் கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கின்றது. சேர்வராயன் மலையில் பிறக்கும் வாணியாறு அரூர்ப் பக்கமாக வந்து இதனொடு சேரும். ஆகவே இம்மலையில் பெய்யும் மழையில் ஓடி வழிவதெல்லாம் பெண்ணையில் சேர்ந்து கடலுக்குப் போகும். ஓடாமல் தங்குவதுதான் தீர்த்தம். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

மலையின் உறுப்புகளும் பழந்தமிழ்ச் சொற்களும்

மலையைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள் என்று நிகண்டு கற்ற நாளில் எண்ணி வியந்ததுண்டு. வரை, வெற்பு, பொருப்பு, சிலம்பு, குன்று, ஓங்கல், பிறங்கல் என அவை நீளும். இளமையில் இவற்றை ஒரே பொருளின் பல பெயர்களாக மனப்பாடம் செய்தோம். செய்யுளில் எதுகை மோனைக்கு வேண்டுமென்று புலவர்கள் பெருக்கி வைத்தார்கள் போலும் என்றுகூட எண்ணியதுண்டு. அது பிழை. முழு மலைக்குரிய பெயர்களை விட்டு, மலையின் உறுப்புகளுக்குரிய பெயர்களைத் தனியே பிரித்துப் பார்த்தால், நம் முன்னோர் மலையை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தனர் என்பது விளங்கும். தீர்த்தமலை ஏற்றத்தைக் கொண்டே அவற்றைக் கற்கலாம்.

அடிவாரக் கோயிலில் வணங்கிப் புறப்படுகின்றோம். இந்தத் தாழ்ந்த பகுதி தாழ்வரை. அதற்கு மேல் சரிந்து ஏறும் பக்கம் சாரல். (இன்று சாரல் என்றால் தூறல் மழை என்றே பலரும் கொள்கின்றனர், மலைப்பக்கம் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு.) ஏறும்போது கற்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போலத் தோன்றுமே, அது அடுக்கம். பரந்து வெளிப்பட்டுக் கிடக்கும் பாறை அறை எனப்படும். பாறை பிளந்த இடம் விடர். உட்குடைந்து குகையாயின் முழை. நீர் தேங்கி ஊறும் குழி சுனை. விழுந்து ஓடுவது அருவி. எல்லாவற்றுக்கும் மேலே குவடு, கோடு, சிமையம்.

இவற்றுள் சுனையையும் அருவியையும் இன்று பலர் ஒன்றாகக் குழப்புகின்றனர். அருவி மழையைப் பொறுத்தது. சுனை மலையைப் பொறுத்தது. பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, அம்மலையை வெல்லுதல் அரிது என்று கபிலர் பாடினார். உழவர் உழாமலே விளையும் பொருள்கள் நான்கினை அவர் எண்ணினார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். அதனோடு நில்லாமல், மலை வானத்தை ஒக்கும், அதிலுள்ள சுனைகள் வானத்து மீன்களை ஒக்கும் என்றும் கூறினார். புறநானூற்று 109ஆம் பாட்டு அது. அதை அழகிய உவமை என்று கூறி வகுப்பில் கடந்து செல்வோம். முற்றுகைக்குள் இருப்பவனுக்கு நீர் எவ்வளவு இன்றியமையாதது என்று எண்ணினால், கபிலர் பகையரசருக்குப் போர்நிலை உரைக்கின்றார் என்பது புலப்படும். சுனை உடைய மலையைப் பட்டினி போட முடியாது.

நம் தகடூருக்கு உரிய பாட்டும் ஒன்று உண்டு. தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர் என்பதை அன்பர்கள் அறிவர். அதியமான் நெடுமான் அஞ்சி, உண்டார்க்கு நெடுவாழ்வு தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு அளித்த வரலாறு புறநானூறு 91ஆம் பாட்டில் உள்ளது. அந்நெல்லி, பெரிய மலையின் விடரில், ஏறுதற்கரிய உச்சியில் கிடைத்தது என்று ஔவையார் குறிக்கின்றார்.

இப்பாட்டைப் பல ஆண்டுகள் வகுப்பில் கற்பித்தேன். 'விடர் – மலைப்பிளவு' என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன், மாணவர் எழுதிக்கொள்வர். ஒருமுறை பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கல்லு வெடிப்புல மரம் எப்படி ஐயா முளைக்கும்? மண்ணு ஏது, தண்ணி ஏது?" என்று வினவினான். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "தேர்வுக்கு வராததைக் கேளாதே, உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அந்த வினா மட்டும் என்னிடம் நின்றுவிட்டது.

பணி ஓய்வுக்குப் பின் ஒரு மாசி மாதத்தில் தீர்த்தமலை ஏறியபோதுதான் விடை கிடைத்தது. வழியோரப் பாறையில் இச்சி மரம் ஒன்று, மண்ணே இல்லாத செங்குத்துப் பக்கத்தில் நின்றிருந்தது. அதன் வேர் பிளவுக்குள் கயிறு போல இறங்கியிருந்தது. பிளவில் கையை விட்டுப் பார்த்தேன். நண்பகல் வெயிலில் பாறை சுட்டது. உள்ளே விரல் நுனியில் ஈரம். காற்றும் மழையும் கொணர்ந்த மண்ணும் சருகும் அங்கே படிந்து மட்கியிருந்தன. வெளியே வறண்ட கல். உள்ளே நீர் செல்லும் வழி. அதியமானின் நெல்லி நின்ற விடரும் இத்தகையதாகத்தான் இருந்திருக்க வேண்டும். தீர்த்தமலையின் தீர்த்தம் முழுமைக்கும் இதுவே திறவுகோல் என்பதைப் பின்னர் உணர்ந்தேன்.

கல்லின் வயது

உலகின் மிக உயர்ந்த மலை இமயம் என்பது யாவரும் அறிந்ததே. அதன் எவரெசுட்டுச் சிகரம் 8,849 மீட்டர் உயரம் உடையது. அதன் முன் நம் மலை ஒரு குன்றுதான். ஆனால் வயதால் கணக்கிட்டால் முறை மாறிவிடும். இமயம் உயரத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளே ஆகின்றன என்பர் நிலவியல் அறிஞர். சேலம், தருமபுரி வட்டாரத்து அடிப்படைப் பாறைகளோ 250 கோடி ஆண்டுகள் அளவில் பழமையானவை. பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி, மேலிருந்தவை தேய்ந்து போனபின் வெளிப்பட்டவை. கன்மலை என்று நாம் சொல்வதற்கு முழுத் தகுதி உடையவை.

இம்மலைக்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. இதன் பாறைகளில் காந்தத் தன்மையுள்ள இரும்புக்கனிமம் வெண்கல் பட்டைகளோடு மாறி மாறி அடுக்கடுக்காக அமைந்துள்ளது. இக்கனிமத்தை மேக்னடைட்டு என்பர். 1864ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையினரான வில்லியம் கிங், புரூசு ஃபூட் ஆகிய இருவரும் இவ்வட்டாரத்துப் பாறைகளைப் பற்றி எழுதிய நூலில், காந்த இரும்புப் படிவுகளைக் கஞ்சமலை, கோதுமலை முதலான தொகுதிகளாக வகுத்தபோது தீர்த்தமலைத் தொகுதி என ஒன்றைத் தனியே வைத்தனர். (கல்லாயுதங்களைக் கண்டறிந்து இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கி வைத்த புரூசு ஃபூட்டு இவரே.)

இரும்பு இருக்கும் இடத்தில் உலையும் இருக்கும். சேலம் வட்டாரத்து ஊர்களில் மண் உலையில் மரக்கரி இட்டு இரும்பு உருக்கும் தொழில் நெடுங்காலம் நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சோசையா ஈத்து என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் பெரிய உலைகள் அமைத்துச் சேலம் வட்டாரக் கனிமத்தை உருக்கினார். அவையும் மரக்கரியால் எரிந்தவையே. ஒரு பங்கு இரும்புக்குப் பல பங்கு கரி வேண்டும். கரிக்கு மரம் வேண்டும். அம்முயற்சி அந்நூற்றாண்டிலேயே தளர்ந்து நின்றுபோயிற்று. அண்மைக் காலத்தில், அண்டை மாவட்டமாகிய திருவண்ணாமலையில் கவுத்திமலை, வேடியப்பன்மலை ஆகியவற்றில் இரும்புக்கனிமம் எடுக்கும் திட்டம் எழுந்தபோது, அடிவாரத்து மக்கள் அதனை எதிர்த்தனர். மலை போனால் நீர் போகும் என்பது அவர்கள் அச்சம். அதனை வெறும் அச்சம் என்று தள்ளுதற்கில்லை என்பதைக் கீழே காண்போம்.

இராமபிரான் எய்த அம்பு

இனித் தலவரலாற்றுக்கு வருவோம். இராவண வதம் முடிந்து அயோத்தி மீளும் வழியில், இராமபிரான் இவ்விடத்தில் சிவபூசை செய்யத் திருவுளம் கொண்டார். பூசைக்குக் கங்கை நீர் கொணருமாறு அனுமனைப் பணித்தார். அனுமன் வருவதற்குள் பூசைக்குரிய வேளை நெருங்கிவிட்டது. இராமபிரான் அம்பினை எடுத்து மலைமீது எய்தார். அம்பு தைத்த இடத்தில் பாறை பிளந்து நீர் பெருகியது. அந்நீரைக் கொண்டு பூசை நிறைவேறியது. அதுவே இராமர் தீர்த்தம். பின்னர் வந்து சேர்ந்த அனுமன், தான் அரிதின் முயன்று கொணர்ந்த கங்கை நீர் பயன்படாமற் போயிற்றே என வருந்திக் கலயத்தை வீசினார். அது பெண்ணை ஆற்றில் விழுந்தது. அவ்விடம் அனுமன் தீர்த்தம் ஆயிற்று.

இவ்வரலாற்றைச் சிறுவயதில் கேட்டபோது அனுமனுக்காக வருந்தியதுண்டு. இப்போது மலையின் அமைப்போடு வைத்து எண்ணிப் பார்க்குங்கால், இதில் இரண்டு வகை நீர் பேசப்படுவது தெரிகின்றது. ஒன்று, தொலைவிலிருந்து வரும் நீர். மற்றொன்று, காலடிப் பாறைக்குள் இருந்த நீர். பெண்ணை தொலைவிலிருந்து வருவது; கங்கைக் கலயம் அதிலே விழுந்தது பொருத்தமே. இராமர் தீர்த்தமோ இம்மலையின் சொந்த நீர். அம்பு தைத்ததும் அது புதிதாக உண்டாகவில்லை, பாறைக்குள் இருந்தது, பிளவு ஏற்பட்டதும் வெளிப்பட்டது. பிளவின் வழியாகவே பாறை நீர் வெளிப்படும் என்பதை, அம்பு தைத்துப் பாறை பிளந்தது எனப் புராணம் சொல்லியிருப்பதைக் காண்க. இது அடியேனுடைய உரையே அன்றி மரபுரை அன்று. கொள்ளுதலும் தள்ளுதலும் அன்பர் விருப்பம்.

தீர்த்தம் என்னும் சொல்லுக்கு ஆற்றைக் கடக்கும் துறை என்பது வடமொழியில் முதற்பொருள். நீரில் இறங்கிக் கரையேறும் இடம் அது. தமிழில் துறை என்போம். அனுமன் தீர்த்தம், அரூரிலிருந்து ஊத்தங்கரை செல்லும் வழியில் ஆற்றைக் கடக்கும் இடத்திலேயே அமைந்துள்ளது. சொல்லின் முதற்பொருளும் அங்கே பொருந்துகின்றது. மலைமேல் உள்ளனவோ சொல்லின் விரிந்த பொருளில் தீர்த்தங்கள்.

மலைமேல் இராமர் தீர்த்தத்தோடு குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்கினி தீர்த்தம் ஆகியவை உள்ளன. மலையைச் சூழ்ந்து வேறு சில தீர்த்தங்களும் எண்ணப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் சொல்வர். அவற்றை அடிவாரத்தில் விற்கும் நூல்களில் காணலாம்.

நீர் வரும் வழி

தருமபுரி மாவட்டம் மழை குறைந்த மாவட்டம். ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழையே சராசரி. தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலுமாக அது பகிர்ந்து பெய்கின்றது. கோடையில் இடியோடு கூடிய மழையும் சிறிது உண்டு. இரு பருவமும் கைவிடாமல் சிறிது சிறிது தருவதனால், மலையுச்சி நீண்ட காலம் முற்றும் நனையாமல் கிடப்பதில்லை. இது முதல் நலம்.

இரண்டாவது, உச்சியில் உள்ள காடு. வெற்றுப் பாறைமேல் விழும் மழை நாழிகைப் பொழுதில் வழிந்து ஓடிவிடும். இலைமேல் விழும் துளி வேகம் தணிந்து சருகுமேல் விழுகின்றது. சருகு மட்கிய மண் அதனைப் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்கின்றது. வேர்கள் இறங்கிய வழியெல்லாம் நீரும் இறங்குகின்றது. வேர் பட்டுப் போனாலும் அது குடைந்த வழி நிலைத்து நிற்கும்.

மூன்றாவது, பாறையின் பிளவுகள். இவ்வகைப் பாறையில் மணற்கல்லில் இருப்பது போன்ற நுண்துளைகள் இல்லை. கல்லுக்குள் நீர் புகாது. கல்லும் கல்லும் விலகிய இடத்தில் மட்டுமே புகும். பிளவுகள் ஒன்றோடொன்று கூடும் இடங்களில் நீர் சேர்ந்து கீழிறங்கும். பிளவில்லாத இறுகிய பாறையை அடைந்ததும் மேலும் இறங்க வழியின்றிப் பக்கவாட்டில் நகரும். பக்கத்தில் மலைமுகம் செங்குத்தாக வெட்டுண்டு நிற்குமானால் அங்கே வெளிப்படும். இராமர் தீர்த்தம் விழும் இடத்தில் அண்ணாந்து நோக்குங்கள். நீர் மலையுச்சியிலிருந்து வழிந்து வரவில்லை. பாறை முகத்திலிருந்தே வருகின்றது.

இப்பயணம் மிக மெல்ல நிகழ்வது. ஆதலால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழையைப் பங்குனி, சித்திரைக்கும் ஈந்து கொடுக்க மலையால் இயல்கின்றது. ஒரு குடும்பத் தலைவி அறுவடை நெல்லைக் குதிரில் இட்டு, கீழ்த்துளை வழியே நாள்தோறும் அளந்து எடுப்பது போல இதனைக் கருதலாம். குதிரின் வாய் உச்சியில், துளை கோயிலருகே.

இதனால் ஒன்று தெளிவாகும். தீர்த்தத்தின் பிறப்பிடம் நாம் நீராடும் இடம் அன்று; நாம் போகாத உச்சியே. அங்கே காடு எரிந்தாலோ, மண் கரைந்தாலோ, கீழே உடனே தெரியாது. அருவி வழக்கம்போல விழும். குதிரில் எஞ்சியிருப்பது தீரும் வரையில் விழும்.

இந்நீரின் அருமையை அறிய மலையைவிட்டு இறங்கி ஊர்களைப் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுந்துள்ளது. பாறையில் உள்ள புளோரைடு, நீண்ட காலம் பாறையிடுக்கில் தங்கும் நீரில் கரைவதால் வரும் கேடு இது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் குடிக்கத் தகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை. சிறுவயது முதல் அதனைக் குடித்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை படியும். அளவு மிகுந்தால் எலும்பும் மூட்டும் கெடும். வகுப்பில் வாய்விட்டுச் சிரிக்கக் கூசிக் கையால் வாயை மறைத்துக்கொள்ளும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் கண்டிருக்கின்றேன். வெற்றிலை போடும் வயதில்லாத பிள்ளைகள். காரணம் நெடுநாள் எனக்குத் தெரியாது. பல் விளக்கும் பழக்கம் இல்லை என்று கடிந்ததும் உண்டு. இக்கேட்டினைப் போக்கவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2013ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. தொலைவிலிருந்து நீர் கொணரும் அனுமன் பணி அது. ஊர்தோறும் அதனால் நன்மை விளைந்தது.

பெண்ணையின் நிலை வருந்தத்தக்கது. பெங்களூரு நகரின் கழிவு அதில் சேர்வதால், ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைபோலப் பொங்கி எழுந்ததை அண்மை ஆண்டுகளில் பலமுறை செய்தித்தாள்களில் கண்டோம். தொலைவிலிருந்து வரும் நீர், தான் கடந்து வந்த ஊர்களின் குற்றத்தையும் சுமந்து வருகின்றது. தீர்த்தமலை நீருக்கு மேலே நகரம் ஏதுமில்லை. அதற்குக் கேடு வருமாயின் மலையேறும் நம்மால்தான் வரும்.

இதனைப் பிறர்க்குச் சொல்லும் தகுதி எனக்கு எளிதில் வந்ததன்று. இருபத்தைந்து வயதளவில் நண்பர் இருவரோடு மலைக்குச் சென்றபோது, இராமர் தீர்த்தத்தில் சவர்க்காரம் தேய்த்துக் குளித்து, வேட்டியையும் அங்கேயே துவைத்தேன். படியருகே அமர்ந்திருந்த முதிய அம்மையார் ஒருவர் நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "ஏஞ்சாமி, பூசைத் தண்ணியிலயா அழுக்குப் போக்குற? கீழ இதைக் குடிக்கறவங்க இருக்கறாங்க" என்றார். படித்தவன் என்னும் செருக்கால், "பாவம் போக்கும் நீர் அழுக்கைப் போக்காதா, அம்மா?" என்று விடை கூறினேன். நண்பர்கள் நகைத்தனர். அம்மையார் நகைக்கவில்லை. தம் செம்பை எடுத்துக்கொண்டு, நான் நின்ற இடத்துக்கு மேற்புறமாகச் சென்று, சொட்டுச் சொட்டாக விழுந்த ஓரிடத்தில் அதனை வைத்து நிரம்பும்வரை காத்திருந்தார். செம்பு நிரம்ப நெடுநேரம் ஆயிற்று.

இன்று சவர்க்காரத்தோடு நெகிழிப் பைகளும் எண்ணெய்ப் பொட்டலங்களும் சேர்ந்துவிட்டன. எண்ணெய் தேய்த்து நீராடுதல் நோன்பாயின் அடிவாரத்திலேயே முடித்துக்கொண்டு மலைமேல் வெறும் நீரில் நனைதல் போதும். களைந்த துணியை நீரில் விடுவது பரிகாரம் என்று யாரோ சொல்ல, பலர் அவ்வாறு செய்கின்றனர். எந்த ஆகமத்திலும் அடியேன் அதனைக் கண்டதில்லை. கோடையில் காய்ந்த புல்லில் கற்பூரத் தீக்குச்சி ஒன்று விழுந்தால் போதும், உச்சிவரை ஏறிவிடும். கற்பூரம் ஏற்றுவோர் திருக்கோயிலுக்குள் அதற்குரிய இடத்திலேயே ஏற்றுக.

மலையேறுவோர்க்கு

மரபுப்படி வழிபட விரும்புவோர் முதலில் அனுமன் தீர்த்தத்தில் பெண்ணையில் நீராடி, பின்னர் தீர்த்தமலைக்கு வந்து, அடிவாரக் கோயிலில் வணங்கி மலையேறுவர். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று அனுமன் தீர்த்தத்திலும், மாசித் தேர்த் திருவிழாவில் தீர்த்தமலையிலும் கூட்டம் மிகுதி. மலையை அமைதியாகக் காண விரும்புவோர் வேறு நாளில் வருக. மழை நின்று ஒரு திங்கள் கழிந்த தை மாதம் மிக ஏற்றது. அருவிகள் அடங்கியிருக்க, தீர்த்தம் மட்டும் விழும். எது மழை நீர், எது மலை நீர் என்பது கண்ணுக்கே விளங்கும்.

ஏற்றம் நீண்டதன்று, ஆனால் செங்குத்தானது. மூட்டுவலி உடையோர் ஊன்றுகோலோடு, இடையிடையே அமர்ந்து ஏறுக. வெயில் ஏறுமுன் புறப்படுதல் நன்று. குரங்குகள் கைப்பொருளைப் பறிக்கும். தேங்காய் பழத்தைத் துணிப்பையில் மூடி எடுத்துச் செல்க. அரூரிலிருந்து அடிவாரம் வரை பேருந்து உண்டு. தீர்த்தம் எடுத்துவர விரும்புவோர் ஒரு சிறு செம்பு கொண்டு செல்க. கோடையில் அது நிரம்பச் சிறிது நேரம் ஆகும். பின்னால் நிற்பவர் பொறுத்தருள்க.